சாராயக் கணக்கு – 14: கடை யார் கையில்?

2003இல் தமிழ்நாடு அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் சில்லறைக் கடைகளையும் எடுத்துக்கொண்ட கதையை இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். செங்கல்பட்டின் பழைய சாராயக் குத்தகையைத் தேடப் போனதில், சென்னைக்குப் பக்கத்துக் கோவளம் குறுக்கே வந்துவிட்டது.

இன்று நட்சத்திர ஓட்டல் இருக்கும் கடற்கரையில் சாதத் பந்தர் கோட்டை இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் வசமிருந்த அதை 1752இல் முற்றுகையிட்டவர் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைத்தலைவர் ராபர்ட் கிளைவ். கூட வந்தவர்கள் லண்டனில் பிடித்துவந்த 200 பயிற்சியில்லாப் பையன்கள், புதிதாகச் சேர்த்த 500 சிப்பாய்கள். கோட்டையிலிருந்து சுட்டதில் ஒருவன் விழுந்ததும் மற்றவர்கள் எடுத்தார்கள் ஓட்டம். இன்னொரு முறை பயந்து ஒளிந்த ஒருவனைச் சில மணி நேரம் கழித்துக் கிணற்றுக்குள் கண்டுபிடித்தார்கள்! கிளைவ் தானே குண்டுக்கு முன்னால் நின்று காட்டித்தான் அவர்களுக்கு ரோஷம் வரவைத்தார். கோவளம் விழுந்தது; பின்னாலேயே செங்கல்பட்டும். துணிச்சல்காரர்தான், பேராசைக்காரரும்கூட.

அந்தச் செங்கல்பட்டு 1763இல் ஜாகீராகக் கம்பெனிக்கு வந்தது. அந்தக் காலத்துக் குத்தகை முறையில் சாராயம் காய்ச்சுவதும் விற்பதும் ஒரே ஆளுக்கு ஏலம் போகும். அந்தக் குத்தகைதாரர் அனுப்பிய சரக்கை அவர் சொன்ன விலைக்குக் கடைக்காரர் விற்க வேண்டும். தண்ணீர் கலந்திருந்தாலும் குடிப்பவனுக்கு வேறு கடை கிடையாது. கடை ஓடியது, லாபம் கடைக்காரரிடம் தங்கவில்லை. வில்லன் யாரென்றால், குத்தகைதாரரைவிட ஏலம் விட்ட சர்க்காரைத்தான் சொல்வேன். 1886 மதராஸ் அப்காரி (மதுவரி) சட்டத்துக்குப் பிறகு ஆலை வேறு, கடை ஏலம் வேறு என்ற முறை வலுத்தது.

இங்கிலாந்தில் பீர் ஆலைகளே ஆயிரக்கணக்கான பப்களுக்குச் சொந்தக்காரர்கள். நடத்துபவர் வாடகையும் கட்டி, பீரையும் அவர்களிடமே வாங்க வேண்டியிருந்தது. 2,000 பப்களுக்கு மேல் வைத்திருந்த ஆலைகளின் பிடியைத் தளர்த்த 1989இல் அரசு உத்தரவிட்டது. கைமாறிய பப்களில் ஏராளமானவற்றைப் பப் கம்பெனிகள் வளைத்துப்போட்டு, அதே நிபந்தனையை விதித்தன. முதலாளி மாறினார், கட்டு அவிழவில்லை.

நம்மூரில் கட்டு தலைகீழ். 1983இல் மொத்த விற்பனையும், 2003 நவம்பர் 29 முதல் சில்லறையும் டாஸ்மாக்கிடம். ஆலை எவ்வளவு பெரிதானாலும் அதன் சரக்குக்கு வாசல் ஒன்றுதான். நட்சத்திர ஓட்டல் பாரும் அங்கேதான் வாங்க வேண்டும். கடையை ஒட்டிய பாரை டெண்டர் எடுத்தவருக்குத் தின்பண்ட வியாபாரம்; முன்பு காலி பாட்டிலும். வேறு போக்கிடமே இல்லாதபோது கடை ஓடுவதை வெற்றி என்று நான் எழுதமாட்டேன்.

தனியார் ஏலத்தில் கூட்டுச் சேர்ந்து விலையை அமுக்கியவர்கள் கதை பாக்கி இருக்கிறது. அதற்கு 2003க்கே போக வேண்டும்; அடுத்த வாரம் கிளைவுக்கு இடமில்லை.

(தொடரும்)