இருவர் போட்டியும் ஒரு நாட்டின் விதியும்
('அமைதியான அமெரிக்கன்' என்னும் நாவலின் வரலாற்றுப் பின்னணி)

ஒரு காலத்து நிகழ்ச்சிகளைத் தொகுத்து உரைப்பது வரலாற்றாசிரியனின் கடன். அந்நிகழ்ச்சிகளிடையே வாழ்ந்த மக்கள் தம்மையும் பிறரையும் எவ்வாறு மதித்தனர் என்பதைச் சிற்சில வேளைகளில் நாவலாசிரியனே நன்கு உணர்த்துகின்றான். இரண்டாம் உலகப் போரின்பின் ஆசியாவில் ஐரோப்பிய ஆட்சி சாய்ந்தமையும் அமெரிக்க வல்லமை அவ்விடத்துப் புகுந்தமையும் பல நூல்களில் விரித்துரைக்கப்பட்டுள்ளன. அம்மாற்றத்தை இரு மனிதரின் போட்டியாக அமைத்துக் காட்டிய நாவல், ஆங்கில எழுத்தாளர் கிரகாம் கிரீன் 1955ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அமைதியான அமெரிக்கன்' ஆகும். அந்நாவலை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிற் களத்தை நோக்குவாம். 1945இல் யப்பான் சரணடைந்ததும் ஹோ சி மின் வியட்நாமின் சுதந்திரத்தைப் பிரகடனஞ் செய்தார். இழந்த ஆட்சியை மீட்கப் பிரான்சு முற்பட்டமையால் 1946 டிசம்பரிற் பெரும் போர் மூண்டது. 1949இல் பாவோ தாயைத் தலைவராகக் கொண்ட ஓர் அரசைப் பிரான்சு நிறுவியது. 1950 முதல் அமெரிக்கா பொருளும் படைக்கலமும் உதவியது. போர் முடியுங் காலத்துச் செலவின் பெரும்பகுதியைத் தாங்கியதும் அதுவே. 1954 ஏப்பிரல் இறுதியிற் கொழும்பிற் கூடிய ஆசியப் பிரதமர் ஐவரும் இந்தோசீனாவில் உடனே போர்நிறுத்தம் வேண்டுமென வற்புறுத்தினர். அவ்வாண்டு மே 7ஆம் நாள் தியன் பியன் பூக் கோட்டை வீழ்ந்தது. யூலையில் ஜெனீவா உடன்படிக்கை நாட்டைப் பதினேழாம் அகலக்கோட்டையில் இரண்டாகப் பிரித்தது.

கிரீன் 1951 முதல் 1955 வரை பலமுறை வியட்நாமுக்குச் சென்று, பத்திரிகைகளுக்கு எழுதியவர். அவர் கண்ட சைகோன் நகரமும் கத்தினா வீதியும் பாத் தியம் என்னும் கத்தோலிக்க மறைமாவட்டத்துப் போர்க்களமும் நாவலில் இடம்பெறுகின்றன. கதை எளிது. நடுவயது கடந்த ஆங்கிலப் பத்திரிகையாளன் பவுலர், பூவோங் என்னும் இளம் வியட்நாமியப் பெண்ணுடன் வாழ்கின்றான். இங்கிலாந்திலுள்ள மனைவி மணவிலக்குத் தர மறுக்கின்றாள். பொருளாதார உதவித் தூதுக்குழுவிற் பணிபுரிய வந்த பைல் என்னும் அமெரிக்க இளைஞன் பூவோங்கை விரும்பி, மணஞ் செய்துகொள்வதாக வாக்களிக்கின்றான். பைல் கொலையுண்ட இரவிலே கதை தொடங்குகின்றது. அவன் கொலைக்குப் பவுலரும் உடந்தை என்பது இறுதியிற் புலனாகின்றது.

இவ்விருவரும் தத்தம் நாட்டின் இயல்பை உடையவராகப் படைக்கப்பட்டுள்ளனர். பவுலர் பேரரசு சுருங்கிய காலத்து ஆங்கிலேயன். 1947இல் இந்தியாவையும் 1948இல் இலங்கையையும் பர்மாவையும் விட்டு நீங்கிய இனத்தின் களைப்பு அவனிடம் உண்டு. தான் செய்தி உரைப்பவனேயன்றி எப்பக்கமும் சாராதவன் என்று அவன் பலமுறை சொல்லிக்கொள்கின்றான். பைலோ பொஸ்தன் நகரத்துப் பேராசிரியர் ஒருவரின் மைந்தன். ஒழுக்கமும் பணிவும் உடையவன். யோர்க் ஹார்டிங் என்னும் கற்பனை அறிஞரின் நூல்களைக் கற்று, காலனி ஆட்சியுமன்றிப் பொதுவுடைமையுமன்றி ஒரு 'மூன்றாம் சக்தி' வேண்டுமென நம்புகின்றான். பவுலரின் முகத்துக்கு நேரே தன் காதலைக் கூறவேண்டுமென்பதற்காகப் போர் நடக்கும் ஆற்றின் வழியே தனியே படகேறிப் பாத் தியம் வந்து சேருகின்றான். அவனுடைய நேர்மையும் பேதைமையும் அச்செயல் ஒன்றிலேயே விளங்குகின்றன.

போட்டியாளர் இருவரும் ஒருவரையொருவர் தனிமனிதராகக் காண்பது அரிது. பவுலர் பைலிடத்து முழு அமெரிக்காவையும் வெறுக்கின்றான். பைல் பவுலரிடத்து முதுமையடைந்த ஐரோப்பாவுக்கு இரங்குகின்றான். தன் பகைவன் எந்நாட்டினன் என்று காட்டுவதாலேயே ஒருவன் தான் எந்நாட்டினன் என்பதை உறுதி செய்துகொள்கின்றான். போருக்குப் பிந்திய தேசிய உணர்வின் இப்பண்பைக் கிரீன் நுட்பமாக உணர்ந்திருந்தார் எனலாம்.

தாய் நின்னிலிருந்து சைகோனுக்கு மீளும் வழியிலுள்ள காவற்கோபுரக் காட்சி இந்நாவலின் நடுநாயகம் என்பது தகும். எரிபொருள் தீர்ந்து இரவில் அங்கே அகப்பட்ட இருவரும் விடுதலை பற்றியும் பொதுவுடைமை பற்றியும் வாதிடுகின்றனர். ஒரு நாடு வீழின் அயல் நாடுகளும் வீழும் என்பது பைலின் வாதம். அவ்வாதத்தையே 1954 ஏப்பிரலில் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் வரிசையாகச் சாயும் கட்டைகளை உவமை காட்டி உரைத்தார். உழவனுக்கு வேண்டியது போதிய அரிசியும் உயிருக்கு அச்சமின்மையுமே என்பது பவுலரின் மறுமொழி. இவ்வளவும் நிகழ, கோபுரத்தைக் காக்கும் வியட்நாமிய இளைஞர் இருவர் மொழி விளங்காது அஞ்சி அருகில் இருக்கின்றனர். வாதம் அவர் நாட்டைப் பற்றியது. அவரையோ எவரும் வினவவில்லை. பின்னர் கோபுரம் தாக்கப்பட்டபோது பைல் தன் உயிரைப் பொருட்படுத்தாது பவுலரைக் காப்பாற்றுகின்றான். எனவே, பின்னர் வரும் காட்டிக்கொடுப்பு மேலும் கொடியதாகின்றது.

கதையின் திருப்பம் மெய் நிகழ்ச்சியொன்றைத் தழுவியது. காவ் தாய்ச் சமயப் படையின் தளபதியாயிருந்த திரின் மின் தே 1951இற் பிரிந்து சென்று, பிரெஞ்சுக்காரரையும் பொதுவுடைமையாளரையும் ஒருங்கே எதிர்த்தார். 1952 ஜனவரி 9ஆம் நாள் சைகோன் நகர நடுவே குண்டுகள் வெடித்துப் பொதுமக்கள் மாண்டமைக்கு அவரே காரணர் எனப்பட்டார். நாவலில் இத்தளபதிக்கு வெடிமருந்து உதவுபவன் பைல். அமெரிக்கர் அவ்வாறு உதவினர் என்பதை ஐயமற நிறுவும் சான்று வெளிவந்ததில்லை. ஆகவே இப்பகுதியைக் குற்றச்சாட்டாகக் கொள்ளலாமேயன்றி வரலாறாகக் கொள்ளலாகாது. ஆயினும் குருதி படிந்த தன் சப்பாத்தைத் துப்புரவாக்கிய பின்னரே அமைச்சரைக் காணவேண்டுமெனப் பைல் கவலுமிடம், நன்னோக்கம் தன் விளைவைக் காண மறுப்பதற்கு மறக்கவொண்ணாத சான்றாகும்.

இனிப் பவுலரின் செயலை நோக்குவாம். குண்டுவெடிப்பைக் கண்டபின் அவன் நடுவுநிலைமை துறந்து, ஹெங் என்பவனின் சொற்படி சாளரத்தருகே நூலொன்றை விரித்து நின்று அடையாளங் காட்டுகின்றான். அன்றிரவே பைல் கொல்லப்படுகின்றான். குழந்தைகளின் சாவுக்கு இரங்கியா அவன் இதைச் செய்தான்? பூவோங்கை மீட்கவா? கிரீன் விடை கூறவில்லை; பவுலரும் அறியான். நீதியும் பொறாமையும் ஒரே செயலிற் கலந்து கிடக்கின்றன. நாடுகளின் கொள்கைகளும் அவ்வாறே. மக்கள் விடுதலை, நாகரிகம் என்னும் சொற்களின் அடியில் தன்னலம் எத்துணை உண்டு என்பதை அச்சொற்களை வழங்குவோரே பகுத்துரைக்க வல்லரல்லர்.

பூவோங்கைப் பற்றியும் ஒன்று சொல்லல் வேண்டும். அரசனை 'நிலமகள் கேள்வன்' எனப் பாடுதல் நம் புலவர் மரபு. அம்மரபில் வந்த நாம் பூவோங்கை வியட்நாம் நாடாகவும், பழைய ஐரோப்பாவும் புதிய அமெரிக்காவும் அவள் பொருட்டுப் போட்டியிடுவதாகவும் எளிதிற் கொள்வோம். திறனாய்வாளர் பலரும் அவ்வாறே கொண்டனர். எனினும் நாவலின் குறையும் இங்கேயே உள்ளது. கதையைக் கூறுபவன் பவுலர். அவள் உள்ளத்தை நாம் அறிய வழியில்லை. அபின் குழாயைச் செப்பஞ் செய்பவளாகவும், மாளிகை அரசியரின் படங்களைப் பார்ப்பவளாகவுமே அவள் காட்டப்படுகின்றாள். காலனி ஆட்சியைக் கடிந்த ஆசிரியரும் காலனி மக்களின் குரலைக் கேட்பிக்கத் தவறினார். இருவரும் அவள் நலத்தையே பேசினர். அவளை வினவினார் இலர்.

நூல் வெளிவந்ததும் அமெரிக்கத் திறனாய்வாளர் சிலர் வெகுண்டனர். 1958இல் ஜோசப் மான்கீவிச் இயக்கிய திரைப்படத்தில் முடிவு தலைகீழாக மாற்றப்பட்டது: அமெரிக்கன் குற்றமற்றவனாகவும், பவுலர் பொதுவுடைமையாளரால் ஏமாற்றப்பட்டவனாகவும் ஆயினர். ஒரு நாவலின் இறுதியே நாட்டின் மானப் பிரச்சினையாயிற்று. மூலக் கதையைத் தழுவிய மற்றொரு படம் 2002இலேயே வந்தது. 2007 ஓகஸ்டில் ஈராக்குப் போரை ஆதரித்து உரையாற்றிய ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ்ஷும் பைலின் பெயரை எடுத்துரைத்தார்.

பவுலரின் ஐரோப்பா 1954இல் அந்நாட்டில் ஆட்சி இழந்தது. பைலின் அமெரிக்கா பல இலட்சம் உயிர்கள் மாண்டபின் 1973இற் படைகளை மீட்டது. 1975 ஏப்பிரல் 30ஆம் நாள் சைகோன் வீழ்ந்தது. கத்தினா வீதியும் பெயர் மாறிற்று. நாட்டின் விதியை முடிவு செய்தவர், காவற்கோபுரத்து வாதத்தில் இடம்பெறாத மக்களே. பிறர் நலத்தைப் பேசுவோர் முதலில் அவரை வினவுதல் வேண்டும் என்பது இந்நாவலும், அதன்பின் நிகழ்ந்த வரலாறும் ஒருங்கே உணர்த்தும் பாடமாகும். வரலாறு பயிலும் மாணவர், இந்நூலைப் போர் பற்றிய நூல்களோடு ஒப்புநோக்கிக் கற்பாராயின், சான்றுக்கும் கற்பனைக்கும் இடையிலுள்ள வேற்றுமையையும் உறவையும் தாமே தெளிவர்.