தினமும் ஓட்டும் காருக்கு எந்த கேம் பொருந்தும்? மாற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஜார்ஜ்டவுன்: சில ஆண்டுகளுக்கு முன்பு என் அண்ணன் தமது புரோட்டோன் வீரா 1.5 காரில் 280 டிகிரி கேம் ஒன்றைப் பொருத்தினார். பிறையில் வீடு, பாயான் லெப்பாசில் வேலை. இரவில் நெடுஞ்சாலையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இப்பதான் காடி காடி மாதிரி இருக்கு" என்றார். மறுவாரம் காலை ஏழரை மணிக்குப் பினாங்குப் பாலத்தின் நெரிசலில், ஏர்கோன் ஓடிக்கொண்டிருக்கையில், எஞ்சின் நின்றுவிட்டது. மருத்துவமனைக்குப் போக வேண்டிய அம்மா பக்கத்து இருக்கையில் இருந்தார். பிரேக் மிதி கல்லைப் போல் இறுகிப்போனதாக அண்ணன் பிறகு சொன்னார். மூன்றே மாதத்தில் பழைய கேம் திரும்பவும் காருக்குள் போனது. கூலி இரண்டு முறை.

அந்த கேமில் குறை ஒன்றும் இல்லை. அது வேறொரு பயன்பாட்டுக்குச் செய்யப்பட்டது, அவ்வளவுதான். வீரா, சத்ரியா, வாஜா, முதல் தலைமுறை மைவி போன்ற கார்களை விலைக்கு வாங்கி மெருகேற்றும் இளைஞர்கள் நம்மிடையே நிறைய பேர் இருக்கிறார்கள். இதே தவறு இன்றும் நடக்கிறது என்பதால் இந்தக் கட்டுரை.

கேம்ஷாஃப்டுக்குத் தமிழில் நெம்புருள் தண்டு என்ற சொல் உண்டு. தமிழ் படித்தவன் என்ற முறையில் அதைப் பயன்படுத்த எனக்கும் ஆசைதான். ஆனால் பட்டறையில் போய் அப்படிக் கேட்டால் போமன் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். எனவே இங்கே கேம் என்றே எழுதுகிறேன்.

கேம் செய்யும் வேலை

எஞ்சினின் கிராங்க் தண்டு இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்றும். அதன் மீதுள்ள முட்டை வடிவ மேடுகள் வால்வுகளை அழுத்தித் திறக்கின்றன. வால்வு எவ்வளவு தூரம் திறக்கிறது என்பது லிஃப்ட், மில்லிமீட்டரில் சொல்வார்கள். எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது டியூரேஷன். கிராங்க் சுழற்சியின் டிகிரியில் சொல்வார்கள். 256, 264, 272, 280 என்று கேம்களுக்குப் பெயராகவே வழங்கும் எண்கள் இவைதான். உள்வால்வு மேட்டின் உச்சிக்கும் வெளிவால்வு மேட்டின் உச்சிக்கும் இடையே உள்ள கோணம் மூன்றாவது அளவு. விளம்பரத்தில் பெரிதாக வருவது முதல் இரண்டும். அன்றாட ஓட்டத்தைத் தீர்மானிப்பதில் இந்த மூன்றாவதற்குப் பெரும் பங்கு உண்டு.

வெளிவால்வு முழுதாக மூடுவதற்குள் உள்வால்வு திறக்கத் தொடங்கிவிடும். இரண்டும் ஒன்றாகத் திறந்திருக்கும் இந்த இடைவெளிதான் ஓவர்லேப். அதை நாமே கணக்கிடலாம்: இரு டியூரேஷன்களின் சராசரியிலிருந்து இடைக்கோணத்தின் இரு மடங்கைக் கழிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, இரு பக்கமும் 244 டிகிரி, இடைக்கோணம் 108 என்றால் ஓவர்லேப் 28 டிகிரி. அதே இடைக்கோணத்தில் 280 டிகிரி கேம் என்றால் 64. இரண்டு மடங்குக்கும் மேல்.

எஞ்சின் 6,000 சுற்றில் ஓடும்போது இந்த 64 டிகிரி நல்லது செய்கிறது. வெளியேறும் புகையின் வேகம் புதுக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆனால் சிவப்பு விளக்கில் 750 சுற்றில் நிற்கும்போது அந்த வேகம் இல்லை. புகை திரும்பி உள்குழாய்க்குள் புகுகிறது. எரியாத பெட்ரோல் வெளிக்குழாய்க்குப் போகிறது. எஞ்சின் குலுங்குகிறது. அந்தக் குலுங்கலைத்தான் சிலர் "ரேசிங் சத்தம்" என்று ரசிக்கிறார்கள்!

உள்வால்வு மூடும் நேரமும் தள்ளிப்போகிறது. மேலே சொன்ன கணக்கில், உள்வால்வின் உச்சி 108 டிகிரியில் இருந்தால், 244 கேமில் பிஸ்டன் அடிமட்டத்தைத் தாண்டி 50 டிகிரியில் வால்வு மூடும். 280 கேமில் 68 டிகிரியில். அதற்குள் பிஸ்டன் மேலேறத் தொடங்கியிருக்கும். குறைந்த வேகத்தில் உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதியை வந்த வழியே தள்ளிவிடும். ஜாலான் துன் சார்டோனில் பாலேக் பூலாவை நோக்கி மேடு ஏறும்போது கார் சோர்ந்துபோவதற்குக் காரணம் இதுதான்.

புரோட்டோனே தந்த பாடம்

இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை. 2004இல் ஜென்-2 காருடன் வந்த கேம்ப்ரோ 1.6 எஞ்சினைப் பாருங்கள். 6,000 சுற்றில் 110 குதிரைத்திறன், 4,000 சுற்றில் 148 நியூட்டன் மீட்டர் டார்க். தாளில் நல்ல எண்கள். ஆனால் நடுத்தர வேகத்தில் டார்க் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது என்ற குறையை அதன் உரிமையாளர்கள் தொடர்ந்து சொல்லி வந்தார்கள். நகரத்தில் ஓட்டும்போது நாம் அதிகம் இருப்பது அந்த நடுத்தர வேகத்தில்தான்.

2008இல் புரோட்டோன் சிபிஎஸ் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. உள்வால்வுகளுக்கு ஒரே கேமில் சிறிய மேடு, பெரிய மேடு என இரு வகை. குறைந்த வேகத்தில் சிறியது வேலை செய்யும். ஏறத்தாழ 3,800 சுற்றைத் தாண்டினால் பெரியதற்கு மாறும். கூடவே, நீளம் மாறும் உள்குழாய். விளைவு: 6,500 சுற்றில் 125 குதிரைத்திறன், 4,500 சுற்றில் 150 நியூட்டன் மீட்டர்.

இந்த எண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். உச்ச டார்க் கூடியது வெறும் 2 நியூட்டன் மீட்டர். அதுவும் 500 சுற்று மேலே தள்ளிப்போய்க் கிடைத்தது. பிறகு 15 குதிரைத்திறன் எங்கிருந்து வந்தது? பழைய எஞ்சினில் 6,000 சுற்றில் மிஞ்சியிருந்த டார்க் ஏறத்தாழ 130. புதியதில் 6,500 சுற்றில் ஏறத்தாழ 137. மேல் வேகத்தில் டார்க் சரியாமல் தாங்கிப் பிடிக்கப்பட்டது. குதிரைத்திறன் அதிலிருந்து வந்தது. பெரிய கேமின் வேலை பெரும்பாலும் இதுதான். டார்க்கைப் பெருக்குவதைவிட, அது கிடைக்கும் இடத்தை அது மேலே நகர்த்துகிறது. அந்த இடத்தில் நீங்கள் ஓட்டுவதில்லை என்றால் பணம் கொடுத்து வாங்கியது உங்களுக்குக் கிடைக்காது.

பெரிய மேடு மட்டும் போதும் என்றிருந்தால் தொழிற்சாலை இரண்டு மேடுகளுக்குச் செலவு செய்திருக்காது. ஹோண்டாவின் விடெக், வீரா பிரியர்கள் ஹாஃப் கட் கடைகளில் தேடி அலையும் மிட்சுபிஷியின் மைவெக் எல்லாம் இதே சிக்கலுக்கான தீர்வுகள். கடையில் வாங்கிப் போடும் சாதாரண கேமில் ஒரே மேடுதான். ஆகவே நாம் ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும்.

உங்கள் கார், உங்கள் வழி

முதலில் ஒரு வாரம் சுற்றுமானியைக் கவனியுங்கள். வீரா 1.5 போன்ற கார் ஐந்தாவது கியரில் மணிக்கு 80 கிலோமீட்டரில் ஏறத்தாழ 2,500 சுற்றில் ஓடும். ஜெலுத்தோங், டத்தோ கெராமாட் சாலை நெரிசலில் 2,000ஐத் தாண்டுவதே அரிது. 1,500 முதல் 4,000 வரைதான் உங்கள் வாழ்க்கை என்றால், அதைக் கெடுக்காத கேம்தான் உங்களுக்கு உரியது.

1.3 முதல் 1.6 லிட்டர் வரையிலான, நான்கு சிலிண்டர், டர்போ இல்லாத எஞ்சின்களுக்கு என் கணிப்பு இது. விளம்பரத்தில் சொல்லப்படும் டியூரேஷன் 256 வரை என்றால் நிம்மதியாக ஓட்டலாம். 264 எல்லைக்கோடு, மேனுவல் கியரும் சரியான டியூனிங்கும் இருந்தால் சமாளிக்கலாம். 272 என்றால் இசியூ டியூனிங் இல்லாமல் தொடக்கூடாது. 280க்கு மேல் சாலைக்கு வேண்டாம். எஞ்சின் கொள்ளளவு கூடினால் அதே கேம் சற்று மென்மையாகத் தெரியும். இடைக்கோணம் 112, 114 என்று அகலமாக இருந்தால் ஓவர்லேப் குறைந்து எஞ்சின் அமைதியாக நிற்கும். 264 டிகிரி கேமில் 108க்குப் பதில் 114 இருந்தால் ஓவர்லேப் 48இலிருந்து 36 ஆகிவிடும். வாங்கும்போது இந்த எண்ணைக் கேளுங்கள். விற்பவருக்கே தெரியவில்லை என்றால் வேறு கடை பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: எல்லாத் தயாரிப்பாளர்களும் டியூரேஷனை ஒரே மாதிரி அளப்பதில்லை. வால்வு அசையத் தொடங்கும் கணத்திலிருந்து அளப்பவர் உண்டு. 1 மில்லிமீட்டர் திறந்த பிறகு அளப்பவரும் உண்டு. ஒருவரின் 264ஐ இன்னொருவரின் 264உடன் அப்படியே ஒப்பிட முடியாது.

ஆட்டோ கியர் கார் என்றால் இன்னும் ஒரு படி கீழே இறங்குங்கள். டி-யில் நிற்கும்போது கியர்பெட்டியின் சுமை. நம் வெயிலில் நாள் முழுதும் ஓடும் ஏர்கோனின் சுமை. இரண்டையும் பலவீனமான ஐடிலிங் தாங்காது. பிரேக் பூஸ்டர் வேலை செய்வது உள்குழாயின் வெற்றிடத்தால். ஓவர்லேப் அந்த வெற்றிடத்தைக் குறைக்கிறது. பாலத்தில் மிதித்து விட்டு, மிதித்து விட்டுப் போகும்போது அண்ணனின் பிரேக் மிதி இறுகியதற்கு இதுவே காரணம். பொருத்திய பிறகு வெற்றிட அளவியை மாட்டி, ஏர்கோன் ஓடும் நிலையில் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய ஒற்றை கேம் எஞ்சின்களில் உள், வெளி மேடுகள் ஒரே தண்டில் இருப்பதால் இடைக்கோணத்தைப் பிறகு மாற்ற முடியாது. கேம்ப்ரோ போன்ற இரட்டை கேம் எஞ்சின்களில் சரிசெய்யக்கூடிய புல்லி பொருத்தி ஓரளவு நகர்த்தலாம். முதல் மைவியின் டிவிவிடி உள்கேமைத் தானே முன்பின் நகர்த்தும். அதில் உயர்ந்த லிஃப்ட் கேம் போட்டால், முழுதாக நகர்ந்த நிலையிலும் வால்வு பிஸ்டனைத் தொடுமா என்று பார்க்காமல் இயக்கக் கூடாது. டர்போ கார் வைத்திருப்பவர்களுக்கு கேம் கடைசி வேலை; முதலில் மற்றதைப் பாருங்கள்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

கம்ப்ரெஷன் சோதனையிலிருந்து தொடங்குங்கள். இருபது வயதைத் தாண்டிய எஞ்சினில் தேய்ந்த ரிங், கசியும் வால்வு சீல் இருக்கையில் புது கேம் போடுவது ஓட்டைக் கூரைக்குச் சாயம் அடிப்பது போல.

பழைய கேமைத் தீட்டி வடிவம் மாற்றித் தருபவர்களும் உண்டு. செலவு குறைவு, மேட்டின் அடிவட்டத்தைக் குறைத்து லிஃப்டைக் கூட்டுகிறார்கள். வேலை சுத்தமாக இருந்தால் தவறில்லை. ஆனால் வால்வு இடைவெளியை மீண்டும் சரிசெய்தாக வேண்டும், தீட்டிய பின் மேற்பரப்பின் கடினத்தன்மை போய்விடக்கூடாது.

லிஃப்ட் கூடினால் ஸ்பிரிங் முழுதாக அழுந்தி ஒட்டிக்கொள்கிறதா என்று அளக்க வேண்டும். பிஸ்டனின் மீது பிளாஸ்டிசின் வைத்து, எஞ்சினைக் கையால் இரு சுற்று சுற்றி, அழுந்திய தடிமனைப் பார்ப்பது பழைய முறை. உள்வால்வுக்கு 2, வெளிவால்வுக்கு 2.5 மில்லிமீட்டர் இடைவெளி பொதுவாகப் பாதுகாப்பானது. கேமின் நிலையை டிகிரி வட்டும் டயல் கேஜும் கொண்டு சரிபார்க்கும் போமன் கிடைத்தால் விடாதீர்கள். டைமிங் பெல்ட், டென்ஷனர், தண்ணீர் பம்ப் ஆகியவற்றை அப்போதே மாற்றிவிடுவது நல்லது. கழற்றும் கூலி எப்படியும் கொடுக்கத்தானே போகிறோம்.

இசியூ விஷயத்தில் ஒரு நுட்பம் உண்டு. ஓவர்லேப்பால் எரியாத காற்று வெளிக்குழாய்க்குப் போகும்போது ஆக்ஸிஜன் சென்சார் அதைப் பார்த்துவிட்டு "பெட்ரோல் போதவில்லை" என்று தவறாகச் சொல்கிறது. இசியூ மேலும் பெட்ரோல் ஊற்றுகிறது. கேம் மாற்றியபின் பெட்ரோல் செலவு கூடுகிறது என்ற புலம்பலுக்குப் பின்னால் பல நேரம் இதுதான் இருக்கும். கேம் வாங்கும் பணத்திலேயே டைனோவில் வைத்து டியூன் செய்யும் பணத்தையும் சேர்த்து வையுங்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், கேமை விட்டுவிட்டு டியூனிங்கை மட்டும் செய்யுங்கள்.

எஞ்சினையே மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் வாகனப் பரிசோதனையும் தேவை. கேம் எஞ்சினுக்குள் மறைந்திருக்கும். ஆனால் அதன் புகை மறையாது. பெட்ரோல் எஞ்சின் புகைக்கு 1996ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிமுறைகள் வரம்பு வைத்திருக்கின்றன. ஐடிலிங்கில் பெரிய கேம் சறுக்குவது அங்கேதான். காப்புறுதி நிறுவனத்திடம் மாற்றத்தைத் தெரிவித்து, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பிறகு விளக்கம் சொல்வது கடினம்.

அண்ணனின் வீரா இன்னும் ஓடுகிறது. போன ஆண்டு அதில் 256 டிகிரி கேம் போட்டிருக்கிறார், இம்முறை டியூனிங்கோடு. அந்த 280 கேம் எண்ணெய் தடவி, செய்தித்தாளில் சுற்றி, அவர் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. விற்க மனம் வரவில்லையாம்.