அமீனா வந்ததும் அடித்த மணி

நாட்டைக் காக்கக் கணவன் களம் சென்றிருக்கிறான். கைக்குழந்தையும் தானுமாக மனைவி வீட்டிலே இருக்கிறாள். கதவு தட்டப்படுகிறது. களத்திலிருந்து மடல் வந்ததோ என்று ஓடோடி வந்து திறக்கிறாள். மடலல்ல! வீட்டுக்காரரின் முகவர் நிற்கிறார். "வாடகையை உயர்த்திவிட்டோம், கொடு, இன்றேல் வெளியேறு" என்கிறார்.

கற்பனையல்ல தோழர்களே! 1915ஆம் ஆண்டிலே, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலே, கோவன் என்னும் கப்பல் கட்டும் பகுதியிலே இப்படித் தட்டப்பட்ட கதவுகள் பல. போர்க்கருவித் தொழிலுக்கென ஆயிரமாயிரம் தொழிலாளர் வந்து குவிந்தனர். புதிய வீடு கட்டும் வேலையோ நின்றுபோயிற்று. வீட்டுக்காரருக்குக் கேட்கவேண்டுமா? வாடகை ஏறிற்று. கட்டமுடியாதவர்கள் பெயரில் வெளியேற்ற ஆணை பிறந்தது. நம்மூர் வழக்கிலே சொல்வதானால், அமீனா வந்தார்.

அமீனாவை எதிர்கொண்டது வழக்கறிஞர் படையல்ல. அடுப்படியிலிருந்து வந்த பெண்கள். மேரி பார்பர் என்னும் தொழிலாளி மனைவி, நெசவாளர் குடும்பத்திலே பிறந்தவர், அவர்களைத் திரட்டினார். மாடிக் குடியிருப்பின் நுழைவாயிலிலே ஒருத்தி மணியோடு அமர்ந்திருப்பாள். அமீனாவின் தலை தெரிந்ததும் மணி ஒலிக்கும். துவைத்த துணி துவைத்தபடி, பிசைந்த மாவு பிசைந்தபடி பெண்கள் ஓடிவந்து படிக்கட்டை அடைத்துக்கொள்வர். ஈரத் துணியும் மாவுப் பொட்டலமும் அமீனாவின் மேலே பறக்கும். சட்டப் புத்தகத்திலே இல்லாத தற்காப்புத்தான். ஆனாலும் வந்தவர் திரும்பிப் போனார்.

மணியடித்த காட்சியைவிட நம்மைக் கவர்ந்தது வேறொரு நிகழ்ச்சி. "மற்றவரெல்லாம் உயர்ந்த வாடகையைக் கொடுத்துவிட்டார்கள், நீ மட்டும் ஏன் மறுக்கிறாய்?" என்று ஒரு பெண்ணிடம் முகவர் பொய் சொல்லிப் பணத்தைப் பெற்றுவிட்டார். தனித்திருந்தவள் நம்பிவிட்டாள். செய்தி பார்பர் காதுக்கு எட்டியது. கப்பல் தளத் தொழிலாளரை அழைத்துக்கொண்டு அவர் முகவரிடம் சென்றார். வாங்கிய பணத்தைத் திருப்பித் தரச் சொன்னார். கூட்டத்தைக் கண்ட முகவர் தந்தார். முகவரிடம் இருந்த பெரிய ஆயுதம் சட்டமா? இல்லை. அண்டை வீட்டிலே நடப்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது என்பதே அவருடைய ஆயுதம்.

படிக்கட்டிலே தோற்றவர்கள் நீதிமன்றத்தை நாடினார்கள். சிறு கடன் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தால், பாக்கியைத் தொழிலாளியின் கூலியிலிருந்தே பிடித்துக்கொள்ளலாம். படி ஏறவேண்டியதில்லை, மாவடி படவேண்டியதில்லை! 1915 நவம்பர் 17 அன்று 18 பேர் மீதான வழக்கு விசாரணைக்கு வந்தது. அன்று ஆயிரக்கணக்கானோர் தொழிற்சாலைகளை விட்டு நீதிமன்ற வாயிலுக்கு நடந்தனர். அங்கே உரையாற்றியவர்களுள் ஒருவர் ஜான் மக்லீன். அவர் பள்ளி ஆசிரியர் என்பதை எழுதும்போது, ஆசிரியர் தொழிலில் இருக்கும் நமக்குச் சற்றே பெருமிதம். அதே ஆண்டிலே கோவன் கல்விக் குழு அவரை வேலையிலிருந்து நீக்கியது என்று எழுதும்போது சற்றே அச்சமும் உண்டு, மறைப்பானேன்! வழக்குகள் கைவிடப்பட்டன. அந்த ஆண்டு முடிவதற்குள், வாடகையைப் போருக்கு முந்தைய அளவிலே நிறுத்திவைக்கும் சட்டம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலே நிறைவேறிற்று.

அந்த வகைச் சட்டம் கடல் கடந்தும் வந்தது. பம்பாயிலே 1918, சென்னை மாகாணத்திலே 1946, பிறகு 1949, பிறகு 1960. அந்த 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும், பதிவு செய்யப்படல் வேண்டும் என்கிறது அது. ஒப்பந்தத்திலே வேறு விதமாகக் கூறியிராவிட்டால், குடியிருப்பு வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது. தண்ணீரையும் மின்சாரத்தையும் வெட்டலாகாது. நல்ல சொற்கள்! ஆனால் யார் படித்துச் சொல்வது?

செல்வம் கொழிக்கும் நியூயார்க் நகரிலேயே, வீட்டு வழக்கு மன்றத்துக்கு வந்த குடியிருப்போரில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான் 2013 அளவில் வழக்கறிஞர் இருந்தார். வீட்டுக்காரர்களுக்கோ ஏறத்தாழ எல்லோருக்கும் இருந்தார். 2017இலேதான் ஏழைக் குடியிருப்போருக்கு வழக்கறிஞர் தருவதை அந்நகரம் சட்டமாக்கியது. நம் நாட்டிலே 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995இல் நடைமுறைக்கு வந்தது. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும், அதில் கூறப்பட்ட வேறு சிலருக்கும் இலவச சட்ட உதவி உரிமை ஆயிற்று. வழக்கறிஞர் அல்லாத தன்னார்வலரைப் பயிற்றி மக்களிடம் அனுப்பும் திட்டமும் 2009இல் வந்தது. அவர் வாதாடுவதில்லை. அறிவிப்பைப் படித்துக் காட்டுவார், தேதியைக் குறிப்பார், ரசீதைத் தேடச் சொல்வார், மனு எழுதித் தருவார், உடன் நடப்பார். கோவனிலே மணி வைத்திருந்தவள் செய்த வேலைதான். கையிலே மணிக்குப் பதில் காகிதம்.

இதை நாம் அறிந்துகொண்டது காலங்கடந்து. நம் வகுப்பிலே முன்வரிசையில் அமர்ந்திருந்த மாணவி ஒருத்தி ஒரு திங்கட்கிழமை வரவில்லை. வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டார். தாய் ஐந்து நாள் குடம் தூக்கினார், ஆறாம் நாள் பாத்திரம் பண்டங்களோடு வேறு ஊர் போய்விட்டார். முன்பணமும் திரும்பவில்லை. கலைப் பட்டம் பெற்ற நமக்கு அசோகன் கல்வெட்டு தெரியும். அந்தத் தாய்க்கு யாரிடம் மனு கொடுப்பதென்று தெரியவில்லை. "இது சட்டப்படி குற்றமா சார்?" என்று அவர் தொலைபேசியிலே கேட்டபோது, "பார்த்துச் சொல்கிறேன் அம்மா" என்றோம். பார்த்தோம், சொன்னோம். அதற்குள் சிறுமிக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்தாகிவிட்டது.

அதன் பிறகே ஞாயிறு மாலைகளில் படிப்பகத்திலே ஒரு மேசையை ஒதுக்கிக்கொண்டோம். சட்டத்தின் தமிழ்ப் படி ஒன்று, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் முகவரி, ஒரு குறிப்பேடு: இவ்வளவே நம் அலுவலகம். முதல் இரு வாரம் எவரும் வரவில்லை. மூன்றாம் வாரம் இட்லிக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா, மஞ்சள் பை ஒன்றைக் கொண்டுவந்து மேசையிலே கவிழ்த்தார். பதினோரு ஆண்டு வாடகை. மூன்றே மூன்று ரசீதுகள். அவற்றைத் தேதி வாரியாக அடுக்கத் தொடங்கினோம்.