திரை நிறப் புரொஃபைல்

கணினித் திரை ஒவ்வொரு நிறத்தையும் உண்மையில் எப்படிக் காட்டுகிறது என்பதை அளந்து பதிந்த சிறு கோப்பு. இதன் பொது வடிவத்தை, 1993இல் அடோபி, ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், கோடாக் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் தொடங்கிய ஐசிசி எனும் பன்னாட்டு நிறக் கூட்டமைப்பு வகுத்தது. திரைமேல் பொருத்திய அளவி சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல் கட்டங்களை ஒவ்வொன்றாகப் படிக்கும். வெண்மை வழக்கமாக 6500 கெல்வினை ஒட்டித் திருத்தப்படும்.

அளவி இல்லாத மடிக்கணினிக்காரர்கள், அதே மாடலுக்குப் பிறர் உருவாக்கிய புரொஃபைலை நிறுவுவதுண்டு. நீலம் பாய்ந்த வெள்ளை தணிந்து, படங்களில் முகத்தின் நிறம் இயல்புக்கு நெருங்கலாம். ஆனால் ஒரே மாடலிலும் வெவ்வேறு தயாரிப்பாளர்களின் பேனல்கள் இடம்பெறும்; அவை நாளடைவில் மங்கவும் செய்யும். எனவே பேனல் எண்ணை ஒத்துப்பார்த்த பின்பே இரவல் புரொஃபைலைப் பயன்படுத்த வேண்டும். அச்சுப் பணிக்கு அது போதாது. திரையால் காட்ட இயலாத நிறத்தை எந்தப் புரொஃபைலும் சேர்க்காது.