நூலகம் கொடுப்பதும் வைத்திருப்பதும்

பொது நூலகம் என்றால் எம்மவர்க்கு இரண்டு விடயங்களே நினைவுக்கு வரும். ஒன்று, பத்திரிகை விரிந்து கிடக்கும் மேசை. மற்றது, தவணை போட்டு இரவல் தரும் புத்தகம். என் மாணவர்களைக் கேட்டால் கடந்தகால வினாத்தாள் என்பார்கள். பிழையில்லை. இவையெல்லாம் நூலகத்தின் சேவைகளே. ஆனால் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. இன்று எவரும் கேட்காத ஒரு நூலை, என்றோ வந்து கேட்கப்போகும் ஒருவருக்காக வைத்திருப்பது. மூதூர், கிண்ணியாப் பக்கத்து எழுத்தாளர்கள் இந்த இரண்டாவது வேலையைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகவே யோசிக்க வேண்டும்.

திருகோணமலை மண்ணுக்கு இதில் ஒரு பழைய பாடம் உண்டு. தி. த. சரவணமுத்துப்பிள்ளை இவ்வூரவர். சென்னை மாநிலக் கல்லூரியில் இயங்கிய கீழைத்தேயச் சுவடி நூலகத்தில் நூலகராக இருந்தவர். தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப்படும் 'மோகனாங்கி'யை 1895இல் வெளியிட்டார். பிறர் எழுதிய ஏடுகளைக் காத்த அந்த மனிதரின் நாவலோ நெடுங்காலம் அவருடைய சொந்த ஊரிலேயே கைக்கெட்டாமற் கிடந்தது. நாவலின் பெயரை எல்லோரும் சொன்னார்கள். வாசித்தவர் சிலரே. இலக்கிய வரலாற்று நூல்களில் ஒரு வரியாக மட்டும் வாழும் நூல்கள் நம்மிடம் ஏராளம்.

அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பு, 1885இல், அறிஞர் சித்திலெப்பையின் அசன்பே சரித்திரம் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் இலங்கையில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதிகளையும் அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற கட்டளைச் சட்டமும் வந்தது. நல்ல சட்டம். ஆனால் அது நூலைத் தலைநகருக்கு அனுப்பியதே தவிர, எழுதியவனின் ஊரில் ஒரு பிரதி இருக்கட்டும் என்று சொல்லவில்லை. பார்னெட்டும் ஜி. யு. போப்பும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துத் தமிழ் நூல்களுக்குத் தொகுத்த பட்டியல் 1909இல் வெளிவந்தது. நம் பாட்டன்மார் அச்சிட்டவற்றை லண்டன் பட்டியலில் தேடவேண்டிய நிலை அப்படித்தான் உண்டாயிற்று.

ஊரில் வைத்தால் மட்டும் போதுமா என்று கேட்கலாம். யாழ்ப்பாணத்தைச் சுட்டிக்காட்டினால் என்னிடம் உடனடிப் பதில் இல்லை. கே. எம். செல்லப்பா 1933இல் தம் வீட்டிலிருந்து நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அந்தச் சிறு முயற்சி வளர்ந்து, 1959இல் சொந்தக் கட்டடத்தில் திறக்கப்பட்டது. இந்திய நூலகவியல் மேதை எஸ். ஆர். ரங்கநாதனின் ஆலோசனை அதற்குக் கிடைத்தது. 1981 ஜூன் முதலாம் திகதியை ஒட்டிய இரவில் சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. இரவல் கொடுக்கும் நூல்களைத் திரும்ப வாங்கிவிடலாம். வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளை யாரிடம் வாங்குவது? எரிந்ததில் பெரிய இழப்பு அந்தப் பகுதிதான்.

எங்கள் மாவட்டத்தில் இழப்புக்கு நெருப்புத் தேவைப்படவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. 2006 ஆகஸ்டில் மூதூர் மக்கள் உடுத்த துணியோடு கந்தளாய்க்கு நடந்தார்கள். அலுமாரியில் கிடந்த கிஸ்ஸாவையும் அரபுத்தமிழ்க் கிதாபையும் யார் தூக்கிக்கொண்டு ஓடுவார்? சொந்தச் செலவில் கவிதை நூல் அச்சிட்ட எழுத்தாளர்களின் மிச்சப் பிரதிகளும் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தன. வெளியீட்டு விழாவில் முதற்பிரதி பெற்றவர் பெயர் நினைவிருக்கிறது. நூல் எங்கே?

நூலகத்தில் ஒரு பிரதி இருந்தாலும் பாதுகாப்பு என்று சொல்லிவிட முடியாது. தூயி தசமப் பகுப்பில் தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811 என்ற எண்ணின் கீழ் வருகிறது. உள்ளூர்க் கவிஞரின் நாற்பது பக்க நூல், தடித்த இந்திய நாவல்களுக்கு நடுவில் முதுகெலும்பே தெரியாமல் நசுங்கிக் கிடக்கும். பல ஆண்டுகளாக எவரும் எடுக்கவில்லை என்று கணக்கெடுப்பில் கழித்தும் விடுவார்கள். கழித்த கட்டொன்றில் நம்மூர்க்காரர் ஒருவரின் நூலை நானே கண்டிருக்கிறேன். நூலகரைக் குறை சொல்வதற்கில்லை. இடநெருக்கடி அவருக்கு. அந்நூல் ஊரின் சொத்து என்று அவருக்கு எவரும் சொல்லிவைக்கவுமில்லை. இதற்கு மருந்து பெரிய செலவில்லாதது. 'உள்ளூர்ச் சேகரிப்பு' என்று தனியாக ஓர் அலுமாரி. உசாத்துணைக்கு மட்டும், இரவல் இல்லை. ஊர் எழுத்தாளரின் நூல், பள்ளிவாசல் மலர், பாடசாலைச் சஞ்சிகை, விழா அழைப்பிதழ்கூட அதில் சேரலாம்.

இன்று வேறு கதவுகளும் திறந்திருக்கின்றன. நூலகர் என். செல்வராஜா 2002 முதல் தொகுத்துவரும் 'நூல்தேட்டம்' தொகுதிகளில் ஈழத்து நூல்கள் ஆயிரம் ஆயிரமாகப் பதிவாகின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத் திட்டம் பழைய நூல்களையும் இதழ்களையும் மின்னுருவில் எவரும் இலவசமாக வாசிக்கத் தருகிறது. கணினி வந்துவிட்டதே, அலுமாரி எதற்கு என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். மின்வருடிக்குக் கொடுக்க நம்மில் யாரிடம் பிரதி இருக்கிறது என்பதுதான் நான் திருப்பிக் கேட்பது.

ஆகவே அடுத்த வெளியீட்டு விழாவில் பொன்னாடைக்கு முன்பாக ஒரு காரியம் செய்யலாம். இரண்டு பிரதிகளைப் பிரதேச நூலகத்துக்கு ஒதுக்குங்கள். உள் அட்டையில் ஆசிரியரின் இயற்பெயர், பிறந்த ஊர், பிறந்த ஆண்டு, அச்சிட்ட பிரதிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கையால் எழுதுங்கள். நூலகர் வரவுப் பதிவேட்டில் இலக்கமிட்டு முத்திரை குத்துவார். அந்த இலக்கத்தை வாங்கி உங்கள் குறிப்பேட்டிலும் எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு தடவை போய், நூல் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.