ஆயுள் கூடினால் ஆபத்தைப் பார்க்கும் பார்வை மாறுமா? கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்கள் சொல்வது என்ன?

கேமரன் மலைத் தேயிலைச் சரிவுகள் சுற்றுப்பயணிகளுக்கு அழகான காட்சி. அங்கே நாள் முழுக்க நின்று கொழுந்து எடுப்பவருக்கு அது இடுப்பு வலி, முட்டி வலி. "தோட்ட வேலைன்னா அப்படித்தான்" என்று முன்பு விட்டுவிட்டார்கள். இன்று அப்படிச் சொல்ல முடிவதில்லை. அதற்கு ஒரு காரணம், நாம் அதிக காலம் வாழ்வது.

ஆயுள் எவ்வளவு கூடியுள்ளது?

1957-இல் ஒரு குழந்தையின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு ஆணுக்குச் சுமார் 56, பெண்ணுக்குச் சுமார் 58 ஆண்டுகள். இப்போது மலேசியாவில் அது ஏறக்குறைய 75. அன்று எல்லாரும் 56 வயதிலேயே இறந்தார்கள் என்று அர்த்தமில்லை. குழந்தை மரணங்கள் அதிகம் என்பதால் சராசரி குறைந்திருந்தது.

ஆயுளுக்கும் ஆபத்துக்கும் என்ன தொடர்பு?

போ நிறுவனம் 1929-இல் தொடங்கப்பட்டது. அக்கால மலாயாத் தோட்டங்களில் மலேரியா, வயிற்றுப்போக்கு, பிரசவம் எனப் பல வழிகளில் மரணம் வந்தது. அந்த நிலையில் இன்னொரு ஆபத்து பெரிதாகத் தெரியாது. இன்று 25 வயதில் முதுகு போனால், அந்த வலியோடு இன்னும் 50 வருஷம் வாழணும். இழக்க அதிகம் இருக்கும்போது கவனமும் கூடும் என்பது பொருளாதார அறிஞர்களின் வாதம்.

சில பாதிப்புகள் மெதுவாகத்தான் வெளியே தெரியும். களைக்கொல்லி இதற்கு நல்ல உதாரணம். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை விழுங்கினால் அதற்கு மாற்று மருந்தே கிடையாது. நீண்டகாலம் அதைக் கையாள்வதற்கும் பார்க்கின்சன் நோய்க்கும் உள்ள தொடர்பையும் ஆய்வாளர்கள் ஆராய்கிறார்கள். மலேசியா 2002-இல் இதற்குத் தடை அறிவித்தது, 2006-இல் தளர்த்தியது, 2020 ஜனவரி 1 முதல் முழுமையாகத் தடை செய்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994-இல் வந்தது. அதன் திருத்தம் 2024 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்தது. உடனடி ஆபத்து இருந்தால், வேலையிடத்தை விட்டு விலக இப்போது தொழிலாளிக்கு உரிமை உண்டு.

எல்லாருக்கும் இது பொருந்துகிறதா?

இங்கேதான் சிக்கல். எடுக்கும் கொழுந்தின் எடைக்கு ஏற்பக் கூலி என்றால், கையுறை வேகத்தைக் குறைக்கும். அதைக் கழற்றி வைக்கத்தான் தோன்றும். இன்று இந்தச் சரிவுகளில் வேலை செய்பவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். பெர்கேசோவின் வேலை விபத்துப் பாதுகாப்பு அவர்களுக்கு 2019 ஜனவரியில்தான் கிடைத்தது. பாதிப்பு வெளியே தெரியும்போது அவர்கள் சொந்த ஊருக்குத் திரும்பியிருக்கலாம்.

நாம் கவனிக்க வேண்டியது?

பெர்கேசோ பாதுகாப்பு விபத்துக்கு மட்டும் இல்லை, தொழில் சார்ந்த நோய்களுக்கும் உண்டு. வீட்டில் யாராவது மருந்து தெளிக்கும் வேலை செய்கிறார்கள் என்றால், எந்த மருந்து, எத்தனை வருஷம் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நோய் என்று வந்தால், டாக்டர் முதலில் கேட்கும் விவரங்களில் அதுவும் ஒன்றாக இருக்கும்.