மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்கள்

மன்னார்க் கரையோரத்தில் மண்ணெண்ணெய் என்றதும் விளக்கைவிடப் படகே முதலில் நினைவுக்கு வரும். பேசாலையிலும் விடத்தல்தீவிலும் படகின் பின்புறம் பூட்டும் இயந்திரம் சிறிது பெற்றோலில் உயிர்பெற்று, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடுவது. அதற்கென்றே அதன் அமுக்கத்தைக் குறைத்துச் செய்திருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளுக்கு அந்த வசதி இல்லை. அதன் உருளைக்குள் காற்றும் எரிபொருளும் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்காக நெருக்கப்படுகின்றன. அந்நெருக்கத்தைத் தாங்காத எரிபொருள், தீப்பொறியின் சுடர் பரவி வந்து சேருமுன்னரே தானாக வெடித்துவிடும். அப்போது சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை எழும்.

இத்தட்டலை ஆராய்ந்தவர்களுள் இங்கிலாந்தின் ஹரி ரிக்கார்டோ முதன்மையானவர். 1926ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் கிரஹாம் எட்கர் அதற்கு அளவுகோல் வகுத்தார். எளிதில் தட்டும் ஹெப்டேனுக்கு 0. இலேசில் தட்டாத ஐசோ ஒக்டேனுக்கு 100. ஆகவே 92 என்பது, 92 பங்கு ஐசோ ஒக்டேனும் 8 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவைக்கு ஒப்பான பொறுமையைக் குறிக்கும். பொறுமை என்றேன்; வலிமை என்று கூறவில்லை.

1990இல் போர் மீண்டும் மூண்டபோது, விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளுக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டது. மன்னார்த் தீவு இராணுவத்தின் வசம் இருக்க, எதிரே பெருநிலப்பரப்பின் பல ஊர்கள் தடைக்குள் அகப்பட்டன. அங்கும் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் படகோட்டியின் வழக்கம் தெருவுக்கு வந்தது. சில துளி பெற்றோலால் வண்டியை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினர். மண்ணெண்ணெயின் ஒக்டேன் எண்ணோ மிகத் தாழ்ந்தது. வெண்புகையும் தட்டலும் சேர்ந்தே வந்தன. பிளக்கிலே கரி படிந்தது. இயந்திர எண்ணெய் நீர்த்தது. ஆயினும் நோயாளியை ஏற்றிச் செல்ல அந்த வண்டியே இருந்தது. ஒக்டேன் என்ற சொல்லைக் கேட்டறியாதவரும் தட்டல் ஓசை கேட்டதும் கைப்பிடியைத் தளர்த்தி வேகத்தைக் குறைத்தனர். 2002 தொடக்கத்தில் தடை நீங்கியது.

2022இன் தட்டுப்பாட்டில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று பங்கீடு வந்தபோது, வரிசையில் நின்றவர்களுக்கு 92, 95 என்ற வேறுபாடு பெரிதாகத் தோன்றியிராது. இன்று பலர், விலை கூடிய 95 வண்டிக்குக் கூடுதல் வலுத் தரும் என்று நம்புகின்றனர். தட்டாமல் ஓடும் சாதாரண 100 சீசீ வண்டிக்கு 92 போதும். மிஞ்சிய பொறுமைக்குக் கொடுக்கும் பணம் வீண். உயர் அமுக்க வண்டியாயின் கைநூல் சொல்லும் எண்ணைக் கொள்ளவேண்டும். தென்மேல் காற்றை எதிர்த்துச் சுமையோடு மன்னார்ப் பாலத்தைக் கடக்கையில் தட்டல் கேட்டால், முதலில் கரியை அகற்றித் தீப்பொறி எழும் நேரத்தைச் சரிபார்க்கலாம். அதன் பின்னும் தட்டினால் 95ஐ நாடலாம்.